நெஞ்சுப்பட்டையா, கைக்கடிகாரமா

பாளையங்கோட்டை
வைகாசி 9

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே அம்மா சுகமாக இருக்கிறாள், ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, வெயில்தான் யாரையும் விடவில்லை. ஜெர்மனியில் நீ சுகமாக இருப்பதாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்கிறாய், அதை அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டாள், நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. போனில் கேட்காமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், வாட்ஸ்அப்பில் எழுதினால் எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள், அதுவும் என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. வெளியே வந்து நானே போன் போட்டால் நீ ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவாய். அதனால் தபால் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஸ்கேட்டிங் பயிற்சிக்கு ஒரு வாட்ச் வாங்கப்போவதாகச் சொன்னாயே, போகிற தூரத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் சேர்த்துக் காட்டுகிற ஜிபிஎஸ் வாட்ச். மணிக்கட்டிலேயே துடிப்பைப் பார்க்கிற ஒன்று, நெஞ்சில் பட்டை கட்டி வாட்சோடு இணைக்கிற ஒன்று, எதை வாங்கலாம் அப்பா என்று கேட்டாய். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நீ எதற்கும் என்னிடம் யோசனை கேட்டதில்லை, ஜெர்மனிக்குப் போவதையே விசா வந்த பிறகுதான் சொன்னாய். அப்படிப்பட்டவள் ஒரு வாட்சுக்கு அப்பாவைக் கேட்டால் அந்த வாட்சுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. பேச்சோடு பேச்சாக, நூற்றைம்பதுக்கு மேல் துடிப்பு போகக்கூடாதாம் அதற்குத்தான் என்றும் சொன்னாய். கூடாதாம். அந்த ஒரு சொல்லை ஒரு மாதமாக நான் விடவில்லை. பயிற்சி கொடுக்கிறவர் இதற்கு மேல் போகாதே என்பார், இன்னும் கொஞ்சம் போ என்பார். கூடாது என்பது டாக்டர் வாயில் வருகிற சொல். அம்மாவிடம் சொன்னேன். ஊர்ல ஒருத்தரையும் நம்ப மாட்டிய, பெத்த பிள்ளையையும் நம்ப மாட்டிய, கோச்சுதான் சொல்லியிருப்பாரு என்று ஒரே வரியில் முடித்துவிட்டு இட்லிக்கு உளுந்து போடப் போய்விட்டாள். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக முப்பத்தோரு வருடம் ஏறி இறங்கியவனுக்குச் சந்தேகப்பட்டதற்குத்தான் சம்பளம் தந்தார்கள், அது ஓய்வு பெற்றதும் போய்விடுமா.

சரி, கேட்டது கேட்டுவிட்டாய், பதில் சொல்ல வேண்டுமே என்று விசாரிக்க ஆரம்பித்தேன். யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லா வாட்சையும் நல்ல வாட்ச் என்கிறார்கள், அந்த வாயை நான் நம்பவில்லை. இங்கே ஒரு கடையில் போய் கையை வேகமாக ஆட்டினால் கணக்கு மாறுமா என்று கேட்டேன், அந்தப் பையன் நான்கு கலரில் வார் எடுத்துக் காட்டினான். கடைசியில் பக்கத்துத் தெரு டார்லின் டீச்சரிடம் போனேன், பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர், நீ பார்த்திருக்கிறாய். அவளிடம் வாட்சும் இருக்கிறது நெஞ்சுப்பட்டையும் இருக்கிறது. அவள் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. ஸ்கேட்டிங்கில் கையை வீசி வீசிப் போகிறீர்கள், விழுந்தால் அடிபடாமலிருக்க மணிக்கட்டில் காப்பு வேறு கட்டுகிறீர்கள், அதற்கடியில் வாட்ச் நசுங்கும், மேலே ஏற்றிக் கட்டினாலும் வீச்சில் ஆடும், ஆடினால் துடிப்பு தப்பாக விழும், நெஞ்சில் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் என் கண்ணால் பார்க்காமல் உனக்கு எழுதக் கூடாது என்று அவள் வாட்சை ஒருநாள் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறினேன். அந்தத் தடத்தின் டிக்கெட் ஸ்டேஜ் எல்லாம், எது எத்தனையாவது கிலோமீட்டர் என்பதோடு எனக்கு மனப்பாடம். கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர் என்று ஒவ்வொரு ஸ்டேஜிலும் வாட்சைப் பார்த்துச் சீட்டில் குறித்துக்கொண்டே வந்தேன், கருங்குளம் வருவதற்குள் ஸ்டேஜ் கணக்கைவிட இரண்டேமுக்கால் கிலோமீட்டர் குறைத்துக் காட்டியது. பிடித்துவிட்டேன் என்று கண்டக்டர் மணிராஜிடம் காட்டினேன். அவன் சிரிக்கிறான். அண்ணாச்சி, ஸ்டேஜும் கிலோமீட்டரும் என்னைக்கு ஒத்துப்போச்சு, நீங்க சர்வீஸ்ல இருக்கும்போதே இப்படித்தான இருந்துச்சு என்றான். உண்மைதான், டிக்கெட் போட வகுத்த கணக்கை ரோட்டின் நீளம் என்றே இத்தனை வருடம் நம்பியிருந்திருக்கிறேன். அதனால் தூரத்தில் வாட்ச் பொய் சொல்லவில்லை என்று எழுதிக்கொள்.

கருங்குளத்தில் செக்கிங் ஏறினார்கள். புதிதாக வந்த ஒரு பெண் இன்ஸ்பெக்டர், என்னைத் தெரியாது. ஓய்வு பெற்றவர்களுக்குத் தருகிற பாஸைக் காட்டச் சட்டைப்பையில் கை விட்டால் பாஸ் இல்லை, முந்தின நாள் போட்ட சட்டையில் கிடக்கிறது. நம்ம பழைய இன்ஸ்பெக்டர்தான் மேடம் என்று மணிராஜ் சொல்லிப் பார்த்தான், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பாஸ் எங்கே என்று மறுபடியும் கேட்டாள். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன், அவள் மேல் தப்பில்லை. அபராதம் கட்டிவிட்டு உட்கார்ந்து வாட்சைப் பார்த்தேன், நூற்றுமுப்பத்தொன்று. என்னிடம் மாட்டியவர்களுக்கெல்லாம் உள்ளே இப்படித்தான் அடித்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது. ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி அரைமணி நேரம் நிழலில் உட்கார்ந்து சர்பத் குடித்த பிறகும் அது இறங்கவில்லை. நூற்றுப்பதினெட்டு என்றது, எழுபத்தாறு என்றது, மறுபடி நூற்றிருபத்துநான்கு என்றது. வாட்ச் கோளாறு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு திரும்பி வந்து டார்லினிடம் கொடுத்தேன். அவள் கட்டிக்கொண்டால் எழுபத்திரண்டில் ஆடாமல் நிற்கிறது. நெஞ்சுப்பட்டையை எனக்குக் கட்டிப் பார்த்தாள், அதே குதிப்பு. வாட்ச் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி, நாளைக்கே டாக்டர்ட்ட போங்க என்றாள்.

போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, துடிப்பு ஒழுங்கில்லை, மாத்திரையை விடக் கூடாது, படி ஏறக் கூடாது, செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். பயப்படும்படி இல்லை என்றும் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. மாத்திரை என் பழைய செக்கிங் பையில் இருக்கிறது, அம்மா அதைத் தொட மாட்டாள். ஸ்கேன் முடிந்ததும் அவளிடம் நானே சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே. என் சர்வீஸில் ஒருவர்கூடத் தானாக எழுந்து வந்து நான் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொன்னதில்லை. நான் சொல்லிவிட்டேன் பிரியா. உன்னிடம் கூடாது என்று சொன்னது யார் என்பதை இனிமேல் நீதான் சொல்ல வேண்டும். உனக்கு ஒன்று என்றால் எனக்குத் தாங்காது, தெரியாமல் இருப்பது அதைவிடத் தாங்கவில்லை.

எந்த வாட்ச் வாங்கினாலும் ஒன்று செய். நீ போகிற வழி மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி அதில் ஒரு வசதி இருக்கிறதாம், அதை அணைத்துவை. வீட்டு வாசலிலேயே அமுக்கித் தொடங்காதே, ஒரு தெரு தள்ளிப் போய் அமுக்கு, உன் வீடு எது என்று ஊருக்குத் தெரிய வேண்டாம். ஹெல்மெட் இல்லாமல் இறங்காதே, வெறும் வயிற்றில் போகாதே. நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் உன் கூடவே நிற்கட்டும், நீ நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
செந்தூர்பாண்டி

பி.கு. போனில் அம்மா பக்கத்தில் இருப்பாள், அதனால் ஒரு ஏற்பாடு. கோச் சொன்னதுதான், என் சந்தேகம் வீண் என்றால், கைக்கடிகாரம் வாங்கினேன் அப்பா என்று சொல். டாக்டர் சொன்னது என்றால், நெஞ்சுப்பட்டை வாங்கினேன் என்று சொல். நான் நல்லது என்று மட்டும் சொல்வேன், மறுநாள் வெளியே வந்து உனக்கு நானே போன் போடுவேன். நெஞ்சுப்பட்டைதான் சரியானது என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டு, நீ கைக்கடிகாரம் என்று சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.