மேசைக் காலில் கட்டின கயிறு

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்னும் கோபம் அடங்கேல்லை.

ஊர்காவற்றுறையில கரைவலை இழுக்கிற அந்தோனி அண்ணையை, வலை இழுக்கேக்க பாடுற அம்பாப் பாட்டைப் பாட எங்கட சமூக வானொலிக்குக் கூட்டிக்கொண்டு போனனான். கதிரையில இருத்தி மைக்கை வைச்சால் மனுசனுக்கு ஒரு வரியும் வரேல்லை. "வலை இழுக்காமல் பாட ஏலாது பிள்ளை" எண்டார்.

மேசைக் காலில கயிற்றைக் கட்டி மற்ற நுனியைக் கையில குடுத்தன். இழுத்து இழுத்து என்ன மாதிரிப் பாடினார்! மேசை தரையில உரஞ்சின சத்தமும் சேர்ந்து நேரடி ஒலிபரப்பில போச்சுது.

நிலையப் பொறுப்பாளர் ஓடி வந்தார். "இதென்ன கடற்கரையோ? நீர் இனிச் சினிமாப் பாட்டு மட்டும் போடும்."

"அது எல்லாற்ற போனிலயும் கிடக்கு. பிறகு எங்களுக்கு ஏன் வானொலி?" எண்டு கேட்டன்.

நாளைக்கும் அண்ணை வருவார். கயிறும் வரும். மேசை அசையுதெண்டால் பொறுப்பாளர் வந்து பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும்.