தூரிகை நுனியில் ஒரு பொத்தான்

ஜூன் 3
என் தலைக்கு மேலே சுவரில் புது அறிவிப்பு: 'தூரிகையை நாக்கில் நனைக்காதீர்கள்.' ஒட்டியவர் என் நாத்தனார். எதிர் மேசைக்காரர், என்னைவிட நாலு வருடம் சீனியர். மண்ணில் கிடக்கும் நுண்ணிய ஓடுகளை ஒட்டி எடுக்க, இந்த ஆய்வகத்தில் தூரிகையை நாக்கில் நனைப்பது நான் ஒருத்திதான். நேரே சொன்னால் குறைந்தா போய்விடுவார்? இனி அவரோடு பேச்சில்லை.

ஜூன் 4
பேசவில்லை.

ஜூன் 9
எண்ணெய்க் கிணறு தோண்டும் துரப்பணத் தலைவர் (நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்') காலையிலிருந்து மூன்று போன். "பொத்தான் வந்துச்சாம்மா?"

பொத்தான் என்பது ஒரு ஃபொராமினிஃபெரா. கடலில் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிரின் ஓடு, மணல் பருமன், சட்டைப் பொத்தான் வடிவம். அந்த இனம் எப்போது அழிந்தது என்று தெரியும். ஆகவே மேலிருந்து தோண்டும்போது அது முதலில் கிடைக்கும் ஆழம்தான் அந்தக் காலத்தின் எல்லை. முதல் எண்ணெய்க் கிணற்றில் நாத்தனார் அதை 912 மீட்டரில் பிடித்தார். இரண்டாம் கிணறு என் பொறுப்பு. எல்லைக்குக் கீழே அழுத்தம் அதிகம். அங்கே நிறுத்தி இரும்புக் குழாய் இறக்காவிட்டால் கிணறு இடிந்துவிடும். இப்போது 1128. பொத்தானைக் காணோம்.

ஜூன் 11
எப்படி எழுதுவது இதை.

1140 மீட்டர் மண். காலை பத்து இருபதுக்குப் பொத்தான்! ஒன்றே ஒன்று. "நிறுத்துங்க, வந்தாச்சு" என்று போன் செய்தேன். அவசரம் நிறுத்தினார். "ஒண்ணுதானா? நாளன்னைக்கு நேர்ல வந்து பாக்குறேன். ரெண்டாவது ஆள் கையெழுத்தும் வேணும்." இரண்டாவது ஆள் யார்? வேறு யார், நாத்தனார்தான்.

பிறகு பொத்தானைத் தூரிகை நுனியில் ஒட்டி எடுத்தேன். ஸ்லைடில் வைக்கும் முன் நுனி காய்ந்ததுபோல் இருந்தது. பதினெட்டு வருடப் பழக்கம் — வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன்.

முழுங்கிவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "வயித்துக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார். அது ஒரு கோடி வருடத்துக்கு முந்தியது, இனிமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு, "அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்றாரே பார்க்கணும். 

ஜூன் 12
காலையில், நேற்றுக் கழுவிய மண்ணில் மீதியைச் சல்லடை போட்டுத் தேடினேன். இல்லை. தும்மினேன், பறந்துவிட்டது என்று சொல்லலாமா? கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். என் முகத்தை நானே நம்பவில்லை. ஒன்பது நாள் கழித்து நானே வாயைத் திறந்தேன்.

"பொத்தானை முழுங்கிட்டேன் அக்கா."

அவர் அறிவிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டட்டும் என்று நின்றேன்.

"கழுவாம எடுத்து வச்ச பாதி மண் இருக்குல்ல? கொண்டா."

கழுவி, காயவைத்து, ஆளுக்குப் பாதியாகத் தட்டில் பரப்பினோம். குனிந்த தலை நிமிரவில்லை. மூன்று மணிக்கு அக்கா, "இந்தா, பாரு" என்றார். பொத்தான்! அவர் தூரிகை நுனியில் ஒட்டியிருந்தது. நான் கண்குளிரப் பார்த்து நகர்ந்தேன். அக்கா நுண்ணோக்கியடியிலிருந்து தூரிகையை எடுத்தார். அது ஸ்லைடுக்குப் போகாமல் நேரே உதட்டுக்குப் போனது. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

பொத்தானை ஸ்லைடில் வைக்கிறவரை மணிக்கட்டை விடவில்லை.

"எவ்வளவு நாளா இந்தப் பழக்கம் அக்கா?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து."

"அப்போ அந்த அறிவிப்பு?"

"எனக்கு ஒட்டிக்கிட்டது. உன் தலைக்கு மேல ஒட்டினாத்தானே நிமிர்ந்தா என் கண்ணுல படும்? உனக்குன்னா நினைச்சே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ஒன்பது நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனே, அறிவு கெட்டவள்.

ஜூன் 13
அவசரம் வந்து பார்த்தார். "இதுக்கா ரெண்டு நாள்?" அக்கா கையெழுத்துப் போட்டார். முழுங்கியதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஜூன் 20
குழாய் இறக்கிவிட்டார்கள். கிணறு நிற்கிறது. அதற்குக் கீழிருந்து வந்த முதல் மண்ணில் எண்ண முடியாத அளவுக்குப் பொத்தான். வரைபடத்தில் முதல் கிணற்றின் 912ஐயும் இரண்டாவதன் 1140ஐயும் ஒரே கோட்டால் இணைத்தேன். அளவுகோலின் மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டார்.

மாலை அதே வாசகத்தை இன்னொரு தாளில் எழுதி, அக்காவின் தலைக்கு மேலே ஒட்டினேன். நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.