காய்ந்த வடிகாலுக்கு லைஃப் ஜாக்கெட்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் பாப்பாவும் சௌக்கியம். உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள், என்னையும் நேரத்துக்குத் திட்டுகிறார்கள். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசினால் பாதி எழுத்து காற்றாக வருகிறது.

என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் இரண்டு முறை கேட்டீர்கள். ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் இல்லை, கோபம். போனில் சொல்லத் தொடங்கினால் பாப்பா பிடுங்கிக்கொள்வாள், இல்லாவிட்டால் நீங்கள் "சரி விடு, விடு" என்பீர்கள். காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. உங்கள் அறை நண்பர் விடுமுறை முடிந்து அங்கே திரும்பிக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கட்டிலில் படுத்துக்கொண்டு மேலோட்டமாகப் புரட்டாமல், உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

இங்கே ரயில்பாதை ஓரிடத்தில் இரண்டு பக்கமும் உயரமான கல்சுவர் கட்டிய பள்ளத்துக்குள் இறங்கி, வளைந்து போகும். அந்தச் சுவரோரம் ஓடும் வடிகால் இடிந்து அடைத்துக் கிடக்கிறது. மழைக்கு முன் அதை உடைத்துப் புதிதாகக் கட்டும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. இந்த மாதிரி வேலைக்கு முதலில் இரண்டு அறிக்கை எழுத வேண்டும். எதில் என்ன ஆபத்து, அதை எப்படித் தடுப்பது என்று ஒன்று. வேலையை யார், எதைக்கொண்டு, எந்த வரிசையில் செய்வது என்று இன்னொன்று. அதுதானே என் பிழைப்பு. அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று பள்ளியில் கேட்டதற்கு, "யாருக்கும் அடிபடக் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல எழுதுவாங்க" என்று பாப்பா சொல்லியிருக்கிறாள். டீச்சருக்குப் புரியவில்லையாம். எங்கள் மேலாளருக்கே புரியாதபோது டீச்சரைச் சொல்லி என்ன பயன்?

நாம் 'இஸ்திரி' என்று பெயர் வைத்தோமே, அதே மேலாளர்தான். சட்டையில் இன்னும் ஒரு கசங்கல் விழவில்லை, செருப்பில் இன்னும் துளி மண் ஒட்டவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒரு பழைய பைலைத் திறந்து காட்டினார். முன்பு ஓர் ஆற்றுப் பாலத்துக்கு யாரோ எழுதியது. "பேரையும் தேதியையும் மாத்துங்க, சாயங்காலம் அனுப்பிடலாம்" என்றார். இடத்தைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றேன். "அங்க என்ன இருக்கு பாக்க? ஒரு சாக்கடை" என்றார்.

போனேன். அங்கே கூலியாட்களை நடத்தும் மேஸ்திரி என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ரயில் வந்தால் ஆட்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று கேட்டேன். "இதோ இங்கதான் மேடம்" என்று சுவரோரம் ஏறி நின்று காட்டினார். அவர் நின்றது வடிகாலை மூடியிருந்த பலகைக் கற்களின் மேல். சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மனிதன் நிற்க இருக்கிற இடமே அந்த அகலம்தான். வேலை தொடங்கினால் முதலில் தூக்கப்போவது அந்தக் கற்களை. பிறகு ஒதுங்கும் இடம் திறந்த பள்ளம், அதற்குள் உடைந்த கான்கிரீட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும். இதைச் சொன்னேன். மேஸ்திரி கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க எழுதறத எழுதுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைப் பார்த்துக்கொள்வார்? வளைவுக்கு அப்பால் ஓர் ஆள் நின்று ரயிலைக் கண்டதும் விசில் ஊதுவாராம். கான்கிரீட் வெட்டும் இயந்திரம் காதைப் பிளக்கும்போது விசில் எவன் காதில் விழும்?

அலுவலகம் திரும்பி உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆட்கள் வேலை செய்யும் நேரம் முழுக்க அந்தப் பாதையில் ரயிலை நிறுத்தித் தர வேண்டும், அந்த லைன் பிளாக் இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தூக்கக் கூடாது என்று எழுதினேன். இஸ்திரி படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிளாக் கேட்டால் கிடைக்க வாரக்கணக்காகும், அதற்குள் மழை வந்துவிடும், கம்பெனிக்குக் கெட்ட பெயர் என்றார். "ஒரே ஒரு வரிதானே, எடுத்துடுங்க. விசில்னு போடுங்க." முடியாது என்றேன். "நீங்களா போய் தண்டவாளத்துல நிக்கப் போறீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை.

நான் மாற்றவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது என்றிருந்தேன். மறுவாரம் மேஸ்திரியிடமிருந்து போன். "மேடம், நாளைக்கு வேலை ஆரம்பிக்கறோம். எல்லாம் வாங்கிட்டேன். இந்த லைஃப் ஜாக்கெட் மட்டும் எங்க கிடைக்கும்?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்கதான எழுதியிருக்கீங்க, ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கணும்னு. அங்க தண்ணியே இல்லியே மேடம்" என்றார்.

புரிந்துவிட்டது. இஸ்திரி என் அறிக்கையை ஓரம் கட்டிவிட்டு, அந்தப் பழைய பாலத்து அறிக்கையில் இடத்தின் பெயரை மாற்றி அனுப்பியிருக்கிறார். காய்ந்து கிடக்கிற வடிகாலில் யாராவது மூழ்கிவிட்டால் கயிறு வீசிக் காப்பாற்றுவது எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ரயில் வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒற்றை வரி: விசில் கேட்டதும் ஒதுங்கவும். அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். என் பெயரைப் போட்டிருக்கிறாரே! அவரிடம் போய்க் கேட்டேன். முகம் மாறவே இல்லை. "இதெல்லாம் யாரு படிக்கறாங்க? பைல்ல இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் காலை பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக அந்த இடத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. போகிற வழியிலேயே பாதைக்குப் பொறுப்பான ரயில்வே இன்ஜினியருக்குப் போன் செய்து, என் பெயரில் வந்திருக்கும் அறிக்கை நான் எழுதியது அல்ல என்று சொன்னேன். தான் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்றார்.

ஆட்கள் கடப்பாரையோடு தயாராக இருந்தார்கள். நிறுத்துங்கள் என்றதும் என் மேல் பாய்ந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வேலை நின்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. "நாங்க என்ன குழந்தைங்களா?" என்றார் வெட்டும் இயந்திரத்துக்காரர். எனக்கு வாதாடத் தோன்றவில்லை. ஒரு காரியம் மட்டும் செய்யச் சொன்னேன். கல் எதையும் தூக்க வேண்டாம். எல்லோரும் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். விசில்காரர் வளைவுக்குப் போகட்டும். இயந்திரத்தை மட்டும் ஓட விடுங்கள். விசில் கேட்டவர் கையைத் தூக்குங்கள்.

அந்தச் சத்தத்தில் என் பல்லெல்லாம் கூசியது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றோம், அதற்காகவே நின்றோம். ஒரு கைகூட எழவில்லை. திடீரென்று முகத்தில் காற்று அறைந்தது. நிமிர்ந்தால் இன்ஜின். மூக்குக்கு முன்னால் பெட்டி பெட்டியாக ஓடுகிறது. என் துப்பட்டாவைப் பிடித்துச் சுருட்டி மேஸ்திரி தன் கைக்குள் இறுக்கிக்கொண்டிருந்தார். அது காற்றில் பறந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

ரயில் போனதும் இயந்திரத்துக்காரர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, "அவன் ஊதவே இல்ல" என்றார். வளைவிலிருந்து விசில்காரர் ஓடி வந்தார். மூச்சு வாங்குகிறது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது, கண்ணில் தண்ணீர். "ஊதிக்கிட்டே இருந்தேன்யா" என்றார். "யாருமே திரும்பலியே, ஊதிக்கிட்டே இருந்தேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இயந்திரத்துக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி கடப்பாரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வண்டியில் போட்டார்.

இன்ஜினியர் வந்து பார்த்து அங்கேயே வேலையை நிறுத்தி எழுதிக் கொடுத்தார். வாரக்கணக்காகும் என்ற பிளாக் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிடைத்தது. கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும். ரயிலே இல்லாத பாதையில் நிம்மதியாக வேலை செய்து முடித்தார்கள். ஒரு கீறல் இல்லை.

இப்போது கேளுங்கள். மாதாந்திரக் கூட்டத்தில் பாதுகாப்பில் அக்கறை காட்டியதற்காகப் பாராட்டு வாசித்தார்கள், இஸ்திரிக்கு. எழுந்து நின்று கைகூப்பினார். அனுமதியில்லாமல் வேலையிடத்துக்குப் போனதற்கும், மேலாளரைத் தாண்டி ரயில்வேயோடு பேசியதற்கும் நான் மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம். தரும்வரை என்னைக் கிடங்கில் கையுறை எண்ண உட்கார வைத்திருக்கிறார்கள். தர மாட்டேன். அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது தனியாக வந்து "நீங்க செஞ்சது சரிதான்" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சத்தமாகச் சொன்னால் என்னவாம்? உங்கள் அம்மா, "எழுதிக் குடுத்துட்டுப் போயேன், ஒரு காயிதம்தானே" என்கிறார்கள். எல்லோருக்கும் அது ஒரு காகிதம்தான்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டேன். கிடங்கில் முதல் நாள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் படம் வந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஹீரோ மாதிரி இருக்கேனா" என்று கேட்டு அனுப்பினீர்கள். தண்டவாளத்தில் வெல்டிங் வைத்த இடத்தைக் குனிந்து இயந்திரத்தால் தேய்க்கிறீர்கள், தீப்பொறி பூவாகச் சிதறுகிறது. பாப்பா அதைப் போனின் முகப்பில் வைத்துக்கொண்டாள். உங்கள் அம்மா எதிர்வீடு வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்கள். நான் பார்த்தது வேறு. உங்கள் காதில் அடைப்பான். முதுகு பக்கத்துப் பாதையைப் பார்த்திருக்கிறது. அந்தப் பாதையில், நீங்கள் கையை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், ஒரு ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் வேலி இல்லை. உங்களுக்காகப் பாதையைப் பார்த்து நிற்க வேண்டிய ஆள் படத்தில் எங்கும் இல்லை. ஒருவேளை படம் எடுத்தவரே அவர்தானோ என்னவோ.

அன்று இரவே உங்களிடம் கேட்டேன். "அதெல்லாம் பேப்பர்ல இருக்கும்மா, தெனம் காலையில கையெழுத்து வாங்கிட்டுத்தான் உள்ள விடறான்" என்றீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்றேன். "அது அவங்க பாஷை. நமக்கு எங்க படிக்கத் தெரியும்" என்று சிரித்தீர்கள். நானும் ஏதோ சொல்லிப் போனை வைத்தேன்.

தினமும் எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள்? அந்த ஊரிலும் ஓர் இஸ்திரி இருந்தால்? அந்தத் தாளில் லைஃப் ஜாக்கெட் என்று எழுதியிருந்தால்கூட உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஏதாவது ஆகிவிட்டால், எல்லாம் சொல்லிக் கொடுத்தோம், இதோ கையெழுத்து என்று உங்கள் பெயரை உங்களுக்கு எதிராகவே நீட்டுவார்கள். இங்கே என் பெயரை வைத்துச் செய்தார்கள். அங்கே உங்களுடையதையும் வைத்து அதைச் செய்ய விடாதீர்கள்.

இதைப் படித்த மறுநாள் காலை தாளை நீட்டும்போது, தெரிந்த மொழியில் யாராவது படித்துச் சொல்லட்டும், பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முறைப்பார்கள். அறையில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நானே கிடங்கில் இருக்கிறேன், இன்னும் எத்தனை நாளோ. அனுப்பினால் வாருங்கள். இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து உங்கள் அம்மாவிடம் திட்டு வாங்கலாம்.

நிறைய கோபமாக எழுதிவிட்டேன், திருத்தப் போவதில்லை. பதிலில் நலம் என்று எழுதாதீர்கள், அதை நான் நம்ப மாட்டேன். ரயில் வரும்போது எங்கே போய் நிற்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

அந்த இடம் உங்களுக்கு எப்போதும் இருக்கட்டும் என்ற வேண்டுதலோடு,
உங்கள் மனைவி