தின்னர் வாசனை

என்னங்க,

ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒக்கலிபுரம் நடந்தே வருகிற தூரம்தான். நேரில் வந்தால் உங்கள் அம்மா எதிரிலேயே கத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

கார்க்காரர் நாகேஷ் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்? நீங்கள் பெயின்ட் அடித்த கார்க் கதவு திட்டுத்திட்டாக இருந்ததைப் பார்த்து, "இந்த வாட்டர் பெயின்ட்ட அக்காவே அடிக்கட்டும்ணா" என்றார். அதற்கு ஸ்பிரே கன்னைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதா? இதற்குப் பெயர் ரோஷமா?

எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நீங்களா? "தண்ணி கலந்து அடிக்க இது என்ன செவுத்து சுண்ணாம்பாடி?" என்று சிரித்தீர்கள். முதல் நாள் பழக்கதோஷத்தில் தின்னரை ஊற்றினேன், பெயின்ட் திரிந்த பால் மாதிரி ஆனது. அதற்கும் சிரித்தீர்கள். ஒரு பழைய கதவில் பதினோரு தடவை அடித்து, தேய்த்து, மறுபடி அடித்துத்தான் கற்றேன். மழை நாளில் சீக்கிரம் காயாது. ஈரப் பளபளப்பு போய் மங்கும்வரை காத்திருந்துதான் அடுத்த கோட் அடிக்க வேண்டும். உங்களுக்குத்தான் பொறுமையே கிடையாதே!

எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாளாவது கேட்டீர்களா? தின்னர் வாசனையே ஆகாது என்று டாக்டர் எழுதிய சீட்டைக் கலர் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தீர்களே, அதைப் போன ஆடியிலேயே படித்துவிட்டேன். அந்த இருமலை யாரிடம் மறைக்கிறீர்கள்?

நாளைக் காலை ஷெட்டைத் திறக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கலரை நீங்களே அடியுங்கள், கற்றுத் தருகிறேன். கலருக்கு மேலே பளபளப்புக்கு அடிக்கிற கிளியருக்கு மட்டும் இன்னும் தின்னர்தான். அதை நான் அடிப்பேன். அந்த நேரம் மறுபேச்சுப் பேசாமல் வெளியே போய் டீ குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணில் தொழில் தெரியாதவள்