கையைக் காட்டாத காரணம்

ஒடாஹுஹு, ஒக்லாந்து
யூலை 21, ஞாயிறு

அன்பின் றொஷானிக்கு,

நோபேட் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நல்ல சுகம். இந்தக் குளிரிலும் ஒரு தும்மல் இல்லை. இடுப்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு மாமி வோக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றம்வரை நடந்தார் என்று நீர் சொன்ன அன்று, வேலையிடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் அதைச் சொன்னேன். மாமி யார் என்றே தெரியாத இரண்டு பேர் கை தட்டினார்கள்.

நம்மூர்ச் சுலக்ஷன் வெள்ளிக்கிழமை மன்னாருக்கு வெளிக்கிடுகிறான். மாமிக்குத் தேனும் உமக்கு இரண்டு சட்டையும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். அவற்றோடுதான் இந்தக் கடிதமும் வருகிறது. தினமும் போனில் கதைக்கிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று சிரிப்பீர். நீர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமிக்குக் கஞ்சி கொடுக்கிறீர். சில கதைகளை ஸ்பீக்கரில் சொல்ல முடியாது.

வீட்டில் குறையில்லை. குளியலறைச் சுவரில் திரும்பவும் பூஞ்சணம் வந்தது, துடைத்துவிட்டேன். பின்வளவு எலுமிச்சையில் காய் குலுங்குகிறது. நானே ஊறுகாய் போட்டேன், உப்புக் கூடிவிட்டது. ஆனால் அந்த எலுமிச்சையை வெட்டும்போது நான் குசினிக்குள் ஆடிய ஆட்டத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். ஏன் ஆடினேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

"களவெடுத்த ஆள் மாதிரி எந்த நேரமும் கையைக் கீழ வைச்சுக்கொண்டு கதைக்கிறீங்கள்" என்று போன மாதம் வீடியோவில் கேட்டீர். குளிர் என்றேன். உண்மையில் என் கை வெடித்திருந்தது. பத்து விரலும்.

மார்ச்சில் விரி களஞ்சியத்தில் என்னை ஃபிறீசர் பக்கம் மாற்றினார்கள் அல்லவா? உள்ளே சைபருக்குக் கீழே இருபது பாகை. கையுறை உண்டு, ஆனால் ஸ்கானரை அழுத்த அதைக் கழற்ற வேண்டும். காட்போட் பெட்டிகள் தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் உறிஞ்சிவிடும். வெளியே வந்ததும் சுடுதண்ணீரில் கழுவுவேன், சொர்க்கம் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தால் ஹீற்றருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு இருப்பேன். நான் சுகமென்று செய்த எல்லாமே கையைக் கெடுத்திருக்கிறது. நீர் இங்கே இருந்தபோது உமக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. அதனால் நீர் கவனிக்கவில்லை. இடக்கைச் சுட்டுவிரலின் நுனியில் ஒரு வெடிப்பு, வயலின் தந்தி பதிகிற அதே இடத்தில்.

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை, வேலை முடிந்து வந்து படுத்திருந்தீர். நான் வயலினை எடுத்தேன். "கொஞ்சம் மெதுவா வாசியுங்கோவன், தலை இடிக்குது" என்றீர். அவ்வளவுதான் நீர் சொன்னது. நான் பெட்டியை மூடினேன், பிறகு திறக்கவே இல்லை. உம்முடைய சொல்லால் கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டேன் என்று நினைத்தீர். இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டீர். மாமியிடம் வெளிக்கிட்ட அன்று எயார்போர்ட்டிலும், "நான் சொன்னதுக்காக விட்டிடாதேங்கோ" என்று கையைப் பிடித்தீர். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

றொஷானி, நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு முதல் வரியிலேயே தந்தி வெடிப்புக்குள் இறங்கி உயிர் போனது. நிறுத்த ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது உமது குரல் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். கை வெடித்தது என்று சொன்னால் வேலையை விடச் சொல்வீர் என்று பயம். நாற்பது வயது ஆள் விரல் நோகிறது என்று முறைப்பாடு செய்வதா என்ற வெட்கமும் இருந்தது. அதனால் பழியை உம்மோடு பிளேனில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உமது சித்தி மகன் கிளின்ரன் தன் கலியாணத்துக்கு வாசிக்கக் கேட்டான். "அத்தான், நீங்கள் வாசிக்காட்டி போனை மைக்கில பிடிச்சுத்தான் பாட்டுப் போடோணும்" என்றான். ஓம் என்றேன். வாய் முந்திவிட்டது. இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது.

அன்றே பெட்டியைத் திறந்தேன். நாலாம் நிமிடத்தில் தந்தியில் இரத்தம். சில வயலின்காரர் வெடிப்பின் மேல் சுப்பர் குளூ பூசுவார்கள் என்று இன்ரநெற்றில் கிடந்தது. பூசினேன். காய்ந்துவிட்டதா என்று பெருவிரலால் தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டன.

பக்கத்து வீட்டுக் காந்திமதி அக்காவிடம் ஓடினேன். அவர் ஃபார்மசியில் வேலை செய்கிறார் என்பது உமக்குத் தெரியும். பினாங்கில் இருந்த காலத்திலிருந்தே வீணை வாசிப்பவர் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாப்பா இது, ரெண்டு விரலுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிட்டீங்களா?" என்றார். சிரித்து முடித்த பிறகு, இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தோல் பிய்யாமல் மெல்ல மெல்லப் பிரித்தார். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. கொதிநீரில் கழுவக் கூடாது, கழுவியதும் ஈரம் காயுமுன் தடித்த களிம்பு பூச வேண்டும், படுக்கும்போது அதன் மேல் பருத்திக் கையுறை, வேலைக் கையுறைக்கு உள்ளேயும் பருத்தி, சட்டி கழுவ றப்பர் கையுறை. சிவந்து வீங்கினால் உடனே டொக்டர்.

"வைஃப் கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏப்ரல் கதையையும் சொன்னேன், ஏனோ வாய்க்கு வந்துவிட்டது. "கைக்குத்தான்லா என்கிட்ட மருந்து இருக்கு. இதை நீங்கதான் போய்ச் சொல்லணும்" என்றார்.

அடுத்த நாள் சுப்பர்வைசர் சியோனேயிடம் போனேன். ரொங்காத் தீவுக்காரன், கதவை அடைக்கிற உடம்பு. வயலின் வாசிப்பதால் ஃபிறீசரிலிருந்து மாற்றித் தர முடியுமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவன் என் விரலைப் பார்த்தான். மார்ச்சிலிருந்தா இப்படி, ஏன் வாய் திறக்கவில்லை என்று ஏசினான். தான் கோயில் கொயரில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுவதாகவும், தொண்டை கட்டினால் தனக்கு உலகமே இருண்டுவிடும் என்றும் சொன்னான். அடுத்த திங்கள் முதல் நான் ஃபிறீசருக்கு வெளியே, டிஸ்பாட்ச் மேசையில். நாலு மாதம் பயந்த காரியம் நாலு நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து என்னை நானே ஏசிக்கொண்டேன்.

கலியாணத்தன்று காலை எட்டுப் பாகை குளிர், மழையும். வெடிப்பு மூடியிருந்தது, ஆனால் புதுத் தோல் காகிதம் போல. ஆக மெல்லிய தந்தியை அந்த விரலால் அழுத்தக் கூடாது என்பது காந்திமதி அக்காவின் கட்டளை. அதனால் பாட்டு முழுவதையும் கீழ்ச்சுருதிக்கு இறக்கி, தடித்த தந்திகளில் பழகியிருந்தேன். அவர் தந்த சுடுதண்ணீர்ப் பையைக் கோட்டுக்குள் வைத்துக் கட்டிப்பிடித்தபடி பிளாக்ஹவுஸ் பே கோயிலில் முன்வாங்கில் இருந்தேன். வயிற்றுவலி என்று நினைத்து ஒருவர் இஞ்சி மிட்டாய் தந்தார்.

மணப்பெண் வைஷாலி உள்ளே வரும்போது பூப்போடும் பிள்ளை நடுவழியில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள். எழும்ப மாட்டாளாம். ஒருதரம் வாசிக்க வேண்டியதை மூன்றுதரம் வாசித்தேன். முதல் முறை விரலை மட்டுமே நினைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு சுரம் பிழைத்தது. இரண்டாம் முறை கொஞ்சம் துணிவு வந்தது. மூன்றாம் முறை விரலே நினைவில் இல்லை. எவ்வளவு நாளாக இது இல்லாமல் இருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பாட்டை அவ்வளவு ஆழமாக வாசிக்க எப்படித் தோன்றியது என்று சுவாமி பிறகு கேட்டார். நோகாத இடத்தில் வாசித்தேன் ஃபாதர் என்றேன். ஏதோ ஞானம் என்று நினைத்துத் தலையாட்டினார்.

நான் வாசித்த வீடியோவைச் சித்தி உமக்கு அனுப்பியிருக்கிறார். "திரும்ப வாசிக்கிறீங்களே, எனக்கு அது காணும்" என்று போனில் அழுதீர். மூன்று மாதமாக அந்தப் பாரத்தை எப்படிச் சுமந்தீர் என்று எனக்கு அந்த அழுகையில்தான் தெரிந்தது. அது உம்முடையதல்ல, என்னுடையது. என்னை மன்னியும். மாமி நித்திரையான நேரம் பார்த்து, ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டு, எவ்வளவு ஏச வேண்டுமோ ஏசும். கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரிக்கற்றை நீர் இரண்டு தரம் தள்ளிப் போட்டதற்கு மாமியின் இடுப்பு மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கப் போவதில்லை. மாமியை அவசரப்படுத்த வேண்டாம். மடுத் திருவிழாவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போம். எனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தும். மாதா உங்கள் இருவரையும் கண்போலக் காக்கட்டும்.

திருவிழா ஓகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். இங்கே குளிர் அதற்குப் பிறகும் சில கிழமை இருக்கும். ஆகையால் தடித்த கோட்டைச் சூட்கேசுக்குள் வைத்துவிடாமல் கையிலேயே கொண்டுவாரும்.

உம்மையே நினைத்திருக்கும்,
நோபேட்