மேனேஜரின் மழைத்தண்ணீர்

2004 ஆகஸ்ட் 12, வியாழன்

மேனேஜர் முகத்தை நினைத்தாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

தோல் கம்பெனிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற எங்கள் பிளான்டில், தண்ணீர் வெளியேறும் வாய்க்காலுக்குள் லாகர் என்ற அளவுக்கருவி ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ளும். காலையில் அதைக் கம்ப்யூட்டரில் இறக்கி பிரிண்ட் எடுத்தேன். ஒன்பதாயிரத்து எண்ணூறு வரை ஏறிய எண், அடுத்த வரியில் வெறும் இருபத்திரண்டு.

மேனேஜர் துள்ளினார். "பாத்தியாம்மா, மழைத்தண்ணி மாதிரி ஆய்டுச்சு! இதையே மேலாபீசுக்கு அனுப்பு."

"இல்ல சார். பத்தாயிரம் தாண்டினா அது மைக்ரோவ விட்டுட்டு மில்லில எழுதும். ஆயிரம் மைக்ரோ சேந்தாதான் ஒரு மில்லி. இது இருபத்திரண்டாயிரம். உப்பு ஜாஸ்தியாயிருக்கு சார், கம்மியாகல."

"மெஷினே சொல்லுது, நீ இன்னா மாத்தறது? கையெழுத்துப் போடு."

போட்டேன். எண்ணுக்குப் பக்கத்தில் 'மில்லி' என்றும் எழுதினேன்.

"மில்லி கில்லின்னு எழுதினா சாராயக்கடை பில்லுன்னு நெனப்பாங்க" என்று தாளைக் கிழித்துப் போட்டார். ஆபீசில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

விஷயம் தெரியாதவர் கிழித்திருக்க மாட்டார்.

அந்தத் தண்ணீர் பாலாற்றுக்குத்தான் போகிறது. அவர் வீட்டுக்குக் கேன் வருகிறது. எங்கள் தெருவுக்கு ஆற்றோரக் கிணறுதான். சாயங்காலம் குடித்த டீகூடக் கரித்தது.

நாளைக்கு வேறு பிரிண்ட் கேட்டிருக்கிறார். தருகிறேன். எல்லா எண்ணையும் மைக்ரோவுக்கு மாற்றி, இருபத்திரண்டாயிரம் என்று ஒரு பூஜ்யம்கூடக் குறையாமல் தருகிறேன். அதில் எங்கே மழை பெய்கிறது என்று அவரே காட்டட்டும்.