கோமதி மதினியின் சிலோன் தபால்தலைகள்

என் பிரியமான மதினிக்கு,

நீங்க போய் ஒரு மழைக்காலம் கழிஞ்சிட்டு. உங்க அறையில இப்பவும் யாரும் படுக்கிறதில்ல. பகல்ல நான்தான் செத்த நேரம் போய் உக்காந்துட்டு வாரேன். பேண்டேஜ் துணி நெய்யுற தறிச் சத்தம் சுவரைத் தாண்டி அங்கேயும் விடாம கேட்குது. இதுக்கு நடுவுல எப்படித்தான் அத்தனை வருஷம் இருந்தீங்க?

கல்யாணமாகி நான் ராஜபாளையம் வந்தப்போ, "மாப்பிள்ளையோட அக்கா, வாழாம வந்துட்டா"ன்னு மட்டும்தான் உங்களைப் பத்திச் சொன்னாங்க. உங்களை விட்டுட்டுப் போனது உங்க வீட்டுக்காரர். வாசப்படி தாண்டக்கூடாதுங்கிற தண்டனை மட்டும் உங்களுக்கு. வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு டவுன் பஸ்ஸில போய் வரலாம், துணைக்கு நான். உங்களுக்கு நான் காவலா, எனக்கு நீங்க காவலாங்கிறது உங்க தம்பிக்குத்தான் வெளிச்சம்.

கொழும்பு எரியுதுன்னு ரேடியோவுல சொன்ன அந்த வருஷம்தான் நீங்க பரண்ல கிடந்த சாக்கை இறக்கினீங்க. மாமா, அதான் உங்க அப்பா, கொழும்புல ஜவுளிக்கடை வச்சிருந்த காலத்துல வீட்டுக்குப் போட்ட தபால் உறைகள், அம்புட்டும் வெறும் உறைகள். நீங்க பிறந்ததே அந்த ஊர்லதான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். விவரம் தெரியுற முன்னாடியே கூட்டிட்டு வந்துட்டாங்களாமே.

வெந்நீர்ல ஊறவச்சுத் தபால்தலைகளைப் பிரிச்சு, நியூஸ்பேப்பர்ல காயப்போட்டோம். முதல்ல படத்தை வச்சுப் பிரிச்சீங்க: துறைமுகம், தேயிலை பறிக்கிறவ, காட்டு யானை. பொறவு ராஜாவை வச்சு. தாடி வச்ச வெள்ளைக்கார ராஜா ஒரு பக்கம், அவர் மகன் ஒரு பக்கம். ரப்பர் மரத்துல பால் எடுக்கிற ரெண்டு சென்ட் தலை, கறுப்பும் சிவப்புமா இருக்குமே, அதுல ரெண்டை நான் ஒண்ணுன்னு நினைச்சு ஒரே கவர்ல போட்டுட்டேன்.

"படத்தைப் பாக்காத வடிவு, ஓரத்தைப் பாரு. இதுல பல்லு நெருக்கம், அதுல அகலம். ரெண்டும் வேற வேற மிஷின்ல துளை போட்டது" அப்படின்னீங்க. காகிதத்துக்குள்ள வாட்டர்மார்க்கா மறைஞ்சிருக்கிற கிரீடத்தைப் பாக்க, உங்க தம்பி ஸ்கூட்டர்ல இருந்து ஒரு மூடி பெட்ரோல் எடுப்போம். கறுப்புத் தட்டுல தலையைக் கவுத்துப் போட்டு ரெண்டு சொட்டு விட்டா கிரீடம் தெரியும், பெட்ரோல் ஆவியானதும் மறைஞ்சிரும். அம்புட்டு நேரம்தான் நாம இந்த வீட்டுல இல்லாம இருந்தோம்.

பிறந்த ஊருக்கு ஒரு தடவை போகணும்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்ல. ஆசை இல்லையா, இல்ல சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டீங்களா?

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல தபால்தலைக் கண்காட்சின்னு பேப்பர்ல வந்துச்சு. தாள் தாளா ஒட்டி, அழகான கையெழுத்துல குறிப்பும் எழுதி, தம்பிகிட்டக் கேட்டீங்க. வீட்டுப் பொம்பளை பேரு பலகையில தொங்கக்கூடாது, தன் பேர்ல வேணும்னா வைக்கலாம்னு அவர் சொன்னார். சரின்னு தலையாட்டிட்டு அறைக்குப் போயிட்டீங்க.

அந்த வெள்ளிக்கிழமை கோயில்ல இருந்து வெளிய வந்ததும், பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமா நடந்தீங்க. நானும் பின்னாடியே வந்தேன். உங்க தாள்களுக்கு மேல உங்க தம்பி பேரு. அதை நீங்க பாக்கவே இல்ல. ரப்பர் மரத் தலை ரெண்டும் இடம் மாறி இருந்ததைத்தான் பாத்தீங்க. மாட்டுறப்போ கழண்டு விழுந்ததை யாரோ மாத்தி ஒட்டியிருந்தாங்க. பொறுப்பா நின்ன டீச்சர்கிட்டச் சொன்னதுக்கு, உரிமையாளர் வந்து சொன்னாத்தான் பலகையை மூடியிருக்கிற கண்ணாடியைத் திறக்க முடியும்னுட்டாங்க.

கண்ணாடிக்குப் பக்கத்துல போய் நின்னீங்க. பொறவு சொன்னீங்க: "உரிமையாளர் நான்தான். என் பேரு கோமதி."

டீச்சர் உங்க முகத்தைப் பாத்தாங்க, கண்ணாடியைத் திறந்தாங்க. நீங்க சரி பண்ணி முடிச்சதும் ஒரு அட்டையில உங்க பேரை எழுதிக் கீழ குத்தினாங்க. திரும்புற பஸ்ஸில ஜன்னலோர சீட்டுல சிரிச்சுக்கிட்டே வந்தீங்க.

மறுநாளே சேதி வீட்டுக்கு வந்துட்டு. உங்க தம்பி சத்தம் போடல. தாள்களைக் கொண்டுவந்து பீரோவுல பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டார். சாமியை வீட்டுலயே கும்பிட்டாப் போதும்னார். நம்ம ரெண்டு பேருக்கும் கோயில் நின்னுச்சு. நெஞ்சுவலி வந்து உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதுதான் அதுக்குப் பொறவு நீங்க தெருவைப் பாத்தது.

இத்தனை வருஷத்துல சாவியை ஒருதடவையும் நீங்க கேட்கல. ஒரே ஒரு நாள், நான் தலை வாரிவிடும்போது கேட்டீங்க: "அந்த ரெண்டும் இப்போ சரியான இடத்துலதான இருக்கும்?" இருக்கும் மதினின்னேன்.

போன மாசம் மதுரையிலிருந்து ஒருத்தர் அந்தத் தாள்களை வாங்க வந்தார். உங்க தம்பி பீரோவைத் திறந்து எடுத்து வச்சார். நான் அடுப்படியிலிருந்து வந்து, "அது மதினியோடது. கொடுக்க உங்களுக்கு உரிமையில்ல" அப்படின்னேன். வந்தவர் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

"ஏட்டி, யார்கிட்டப் பேசுதே?"ன்னு உங்க தம்பி கேட்டார்.

"உங்ககிட்டத்தான்"னு சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரை எதுத்து நான் பேசினது அதுதான் முதல். இப்போ என்கூடப் பேச்சில்ல. தாள்களை அன்னைக்கே எடுத்து என் டிரங்குப் பெட்டியில வச்சிட்டேன். ரப்பர் மரத் தலையில மூணாவதா ஒண்ணு அந்தச் சாக்குல கிடைச்சிருக்கு, அதோட பல்லு ரெண்டுலயும் சேரல. நீங்க இருந்தா ஒரு பார்வையில சொல்லிருவீங்க.

அந்த டீச்சருக்கு எழுதினேன். தை மாசம் விருதுநகர்ல ஒரு கண்காட்சி இருக்காம், இடம் தாரேன்னு பதில் போட்டிருக்காங்க. உங்க தம்பி என்ன செய்வார்னு தெரியல. வாசல்லயே மறிச்சு நிக்கலாம். பயமாத்தான் இருக்கு.

ஆனாலும் போவேன் மதினி, தனியாப் போவேன். பலகையில உங்க பேரு முழுசா இருக்கும், பக்கத்துலயே நான் நிப்பேன். இது யாரோடதுன்னு கேட்கிறவங்களுக்கும் சொல்லுவேன், கேட்காம கடந்து போறவங்களையும் நிறுத்திச் சொல்லுவேன்.

உங்க தம்பி பொண்டாட்டியா வந்து, உங்க தங்கச்சியா ஆனவ,
சண்முகவடிவு